கணினியில் வைத்த வாசல் நிலை

துபாயில் வேலை பார்த்த கணவரும் ஊரில் இருந்த நானும் இணையத்திலுள்ள ஒரு கற்பனை உலகத்தில் மனை வாங்கினோம். வலங்கைமானில் கட்டப்போகும் வீட்டை முதலில் அங்கே கட்டிப் பார்க்கலாம் என்றது நான்தான். தலைவாசல் நிலை வைக்கும்போது தம்பதியாக நிற்க வேண்டும் என்று, அவர் இணைப்பில் வரும்வரை காத்திருந்து வைத்தேன். மாமியார் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “ராகுகாலத்துல வைக்கிறியேம்மா!” பதறிப்போய்க் கலைத்தேன். மறுநாள் நல்ல நேரம் பார்த்து மறுபடி வைத்தோம்.

பிறகு மாடி வந்தது, குழந்தைக்கு ஊஞ்சலும் வந்தது. ஊருக்குத் திரும்புவதைப் பற்றி அவர் பேசுவதுதான் நின்றுபோனது. ஒருநாள் போனில் கேட்டேன்.

“நம்ம வலங்கைமான் மனையில எப்பங்க அஸ்திவாரம் போடுறது?”

“அதான் வீடு கட்டியாச்சே. தினமும் அங்கதானே பாத்துக்கறோம்.”

விளையாட்டுக்குத்தானே சொன்னீங்க என்று கேட்க வாயெடுத்தேன். இல்லை என்றுவிட்டால் என்ன செய்வேன்? தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அழுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.