இரண்டு மருந்தும் ஒரு தலையாட்டலும்

ஐம்பதுகளில் ஓசூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் கம்பவுண்டர். தஞ்சாவூரிலிருந்து வந்த புதிது. வரிசையை வேகமாக நகர்த்துவதில் எனக்குப் பெருமை. ஒரு நாள், வேப்பனப்பள்ளியிலிருந்து கைக்குழந்தையோடு வந்த பெண்ணிடம் இரண்டு பாட்டில்களைக் கொடுத்து, "இது குடிக்க, இது சிரங்குல தடவ" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

சற்று நேரத்தில், வரிசையின் கடைசியில் நின்றிருந்த கெலமங்கலத்து வளையல் வியாபாரி காதர் அவளைத் திரும்ப அழைத்து வந்தார். தடவும் மருந்தை வாசலிலேயே குழந்தைக்குப் புகட்டப் போனாளாம். அவர்தான் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறார்.

"நான் சொன்னேனே," என்றேன்.

"சொன்னீங்க சார். இந்தம்மாவுக்குத் தெலுங்கு மட்டுந்தான் வரும். பயத்துல தலைய ஆட்டிடுச்சு."

நான் சொன்னதையே தெலுங்கில் எப்படிச் சொல்வது என்று அவரிடமே கேட்டு, "இதி தாகாலி, இதி பூயாலி" என்று அவளிடம் சொன்னேன். என் தெலுங்கைக் கேட்டு அவள் சிரித்துவிட்டாள். பிறகு எந்த மருந்து எதற்கு என்று அவளே திருப்பிச் சொன்னாள்.

ஓய்வு பெறும்வரை யாரையும் அப்படித் திருப்பிச் சொல்லவைக்காமல் நான் அனுப்பியதில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் மனம் இளகுகிறது. காதர் அன்று வராமல் இருந்திருந்தால் என்ற எண்ணமும் கூடவே வருகிறது.