அக்கா போட்ட ரீடிங்

அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தவர் கேஜ் அக்காதான். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், கடைசிப் பரிசோதனை மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு துளையையும் கேஜ் வைத்து அளப்பவர் என்பதால் அந்தப் பெயர். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். பல வருஷமாகக் கான்ட்ராக்ட். அந்த வருஷம்தான் பர்மனன்ட் லிஸ்டில் அவர் பெயர் வந்திருந்தது. நான் அங்கே சிஸ்டம் வேலை பார்க்கச் சேர்ந்த புதுசு. வேலை இன்னும் உறுதியாகவில்லை, தலைக்கனத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அளவுகளை இனி நோட்டில் எழுத வேண்டாம், கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்றார் மேனேஜர். ஆனால் செலவு செய்ய மாட்டார். ஆகவே மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை அக்காவின் மேஜைக்குக் கொண்டுவந்து, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, அளவுகளைச் சேர்த்து வைக்க அதேபோல் இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரை நிறுவ உட்கார்ந்தேன். நிறுவுவதற்கு ஒரே வரிக் கட்டளைதான். அதற்குப் பிறகுதான் ரோதனை. தரவு வைக்க இடம் உண்டாக்கிக் கொடுக்கும்வரை சர்வர் ஓடவே இல்லை. ஓடிய பிறகோ, உன் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று என்னையே வெளியில் நிறுத்தியது. சர்வருக்கென்று இருக்கும் தனிப் பயனராக நுழைந்து எனக்கொரு பெயரைப் பதிய வேண்டும் என்று கண்டுபிடிக்க அரை நாள் போயிற்று. பின்னால் நின்றுகொண்டிருந்த அக்கா, "இன்னாபா, நீ போட்டதே உன்ன உள்ள வுட மாட்டேங்குது? ஐடி கார்டு கேக்குதா?" என்று சிரித்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

அளவை டைப் செய்ய ஒரு சின்ன புரோகிராமும் எழுதினேன். பட்டனை அழுத்தினால் கட்டம் காலியாகி, 'பதிவாயிற்று' என்று பச்சையில் வரும். உண்மையிலேயே பதிவானதா என்று சர்வரைக் கேட்டுச் சொல்லும் பகுதியை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அக்கா முதல் நாளே கேட்டார்: "தம்பி, கொஞ்ச நாளைக்கு நோட்டுலயும் எழுதிக்கினே வரட்டுமா?" "எதுக்குக்கா டபுள் வேலை? இதுல போட்டா கல்வெட்டு மாதிரி" என்றேன். அவர் நோட்டை மூடி டிராயரில் வைத்தார்.

ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினையும் நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, துடைத்துப் பொட்டு வைப்பது அங்கே வழக்கம். கம்ப்யூட்டரும் மிஷின்தானே என்று அதற்கும் அதே மரியாதை நடந்தது. லீவு முடிந்த காலை ஷிஃப்டில் பவர் போட்டார்கள். லினக்ஸ் எழுந்தது, டேட்டாபேஸ் எழவில்லை. நிறுவிய அன்று அதைக் கையால் ஓடவிட்டேனே தவிர, கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் நீயும் எழு என்று சொல்லும் ஒற்றைக் கட்டளையை நான் கொடுக்கவில்லை. பத்து மணிக்கு வந்துதான் பார்த்தேன். காலையிலிருந்து அக்கா போட்ட அளவுகளில் ஒன்றுகூட உள்ளே இல்லை. என் புரோகிராம் மட்டும் ஒவ்வொரு தடவையும் பச்சையில் பல்லிளித்திருக்கிறது. அவர் சாப்பிடப் போன நேரத்தில் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். அப்போதே சொல்லியிருந்தால், மிச்சமிருந்த சரக்கையாவது அவர் திரும்ப அளந்திருப்பார்.

இரண்டு வாரம் கழித்து கஸ்டமர் ஆடிட் வந்தது. போயும் போயும் அந்தக் காலை ஷிஃப்டின் ரீடிங்கைத்தான் கேட்டார்கள். இல்லை. "அளக்காமலே ஓகே பண்ணி அனுப்பியிருக்கு இந்தம்மா" என்றார் மேனேஜர்.

"இல்ல சார், ஒண்ணொண்ணா போட்டேன் சார். பச்சையா வந்துச்சு. தம்பியக் கேளுங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "சிஸ்டத்துல எதுவும் இல்ல சார்" என்றேன். கேட்டதற்கு அது பதில்தான். ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லிஸ்டில் அவர் பெயரை அடித்தார்கள். மாதக் கடைசியில் கான்ட்ராக்டும் போயிற்று. எனக்கு அடுத்த மாதம் வேலை உறுதியானது.

இப்போது பக்கத்து வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் நாலைந்து கம்பெனிகளுக்கு நான்தான் சர்வர் போட்டுக் கொடுக்கிறேன். எதைப் போட்டாலும் மூன்று தடவை அணைத்துப் போட்டு, தானாக எழுகிறதா என்று பார்ப்பேன். வீட்டுக்குப் பாதி வழி வந்தபின் சந்தேகம் வந்து வண்டியைத் திருப்பியதும் உண்டு. கூட இருப்பவர்களுக்கு நான் ஒரு கிறுக்கன்.

போன மாதம் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். பென்னலூர் பக்கம் ஒரு கேன்டீனில் வேலையாம். என் கல்யாணம், அம்மாவின் முட்டிவலி எல்லாம் விசாரித்தார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏன் தம்பி, அந்தக் கம்ப்யூட்டர்ல என் ரீடிங் அப்பறமா எங்கனா கெடச்சுதா?"

"இல்லக்கா."

"நான் போட்டேன்பா."

"தெரியும்க்கா. அன்னிக்கே தெரியும்."

அவருடைய பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். அக்கா ஏறவில்லை. பையைத் தரையில் வைத்தார்.

"இன்னா தெரியும்? சொல்லு."