ஹீலியத்துக்கு நான் எழுதிய மேற்படி

1. கேள்வி

"மாணிக்கம், அந்த ரெண்டு வாரம் செல்லுல ஹீலியம் போட்டியா, ஆர்கான் போட்டியா? சுத்தி வளைக்காம சொல்லுய்யா."

புரொபசர் இப்படிக் கேட்டபோது மணி பதினொன்று இருக்கும். மேஜைமேல் நான் எழுதிய லாக் புக் திறந்து கிடந்தது. எனக்கு இடது பக்கம் ஆராய்ச்சி மாணவர் கலியமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் லாக் புக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் முப்பத்தோரு வருடம் வேக்குவம் டெக்னீஷியனாக இருந்தேன். புதிதாக லேபில் சேருகிற பிள்ளைகளுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். பம்பைப் பிரித்து மாட்டுவது எப்படி என்று புத்தகத்திலேயே படம் போட்டிருக்கிறது. அதற்கு நான் வேண்டாம். புத்தகத்தில் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அது அந்தக் கேள்வியும் அதற்கு நான் சொன்ன பதிலும்தான்.

2. வேலை இன்னதென்று

ஆர்கான் அணுவிலிருந்து மூன்று நான்கு எலக்ட்ரான்களை உரித்துவிட்டால், மிச்சமிருப்பது மின்னூட்டம் ஏறிய அயனி. இழந்ததைத் திரும்பப் பெறுவதே அதற்குக் குறி. எதிரே ஏதாவது ஒரு சாதாரண அணு வந்தால் அதனிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். இதற்கு எலக்ட்ரான் கேப்சர் என்று பெயர். எவ்வளவு சுலபமாகப் பிடுங்குகிறது என்று அளந்து ஒரு எண்ணாகச் சொல்வதுதான் எங்கள் வேலை.

பிடுங்குவது என்றதும் இதை வைத்து எங்கள் பக்கத்து மிராசுதார்களைப் பற்றி ஜோக் அடிக்காதவர் கிடையாது. கலியமூர்த்தி மட்டும் அடிக்கமாட்டார். "அயனிக்கு வேற வழி இல்லண்ணே. மனுசனுக்கு இருக்கு" என்பார்.

அயனிகளின் கற்றையை, அதாவது பீமை, ஒரு சின்னக் குழாய்க்குள் செலுத்துவோம். அதுதான் கேஸ் செல். அதற்குள் கொஞ்சூண்டு வாயுவை விட்டிருப்போம். எலக்ட்ரானைப் பிடுங்கிய அயனி எத்தனை, பிடுங்காத அயனி எத்தனை என்று அந்தப் பக்கம் எண்ணுவோம். அந்த விகிதத்தைச் செல்லில் இருந்த வாயுவின் அழுத்தத்தைக் கொண்டு வகுத்தால் எண் கிடைக்கும். ஆக, அழுத்தம் தப்பானால் எல்லாமே தப்பு.

அழுத்தத்தைக் காட்டும் அயனி கேஜ் நைட்ரஜனுக்கு மட்டும்தான் உண்மை பேசும். வேறு வாயுவை விட்டால் அது காட்டுவதைத் திருத்திப் படிக்க வேண்டும். ஆர்கானுக்குக் காட்டுவதை ஒன்றே கால் சொச்சத்தால் வகுக்க வேண்டும். ஹீலியத்துக்கோ ஐந்தரையால் பெருக்க வேண்டும். கேஜைப் படித்து, திருத்தி, லாக் புக்கில் எழுதித் தருவது என் பொறுப்பு. கலியமூர்த்தி அதை அப்படியே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

3. அடங்கல்

கலியமூர்த்திக்குக் குடவாசல் பக்கம். அவர் அப்பா பத்து மா நிலத்தை, ஏறக்குறைய மூன்றேகால் ஏக்கரை, இருபது வருடத்துக்கு மேல் குத்தகைக்கு உழுதவர். நிலம் எங்கள் புரொபசருடைய அண்ணனுக்குச் சொந்தம். அண்ணனின் குத்தகைக்காரர் மகனைத் தன்னிடமே ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொண்டதற்காகப் புரொபசரை அன்றைக்குப் பலரும் மெச்சினார்கள். நானும் மெச்சினேன்.

கழக ஆட்சி வந்து, குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது. கலியமூர்த்தியின் அப்பாவும் மனுப் போட்டார். அதிலிருந்து பிடித்தது சனியன். நிலத்தை விடு என்று புரொபசரின் அண்ணன் நின்றார். ஊரில் விவசாயச் சங்கக் கொடி ஏறியது. ஒரு அறுவடையின்போது வயலில் போலீஸ் நின்றது. கேஸ் கோர்ட்டுக்குப் போனது. லேபில் புரொபசர் "தம்பி" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு "மிஸ்டர் கலியமூர்த்தி" என்று ஆரம்பித்தார். மரியாதை கூடினால் பாசம் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு நாள் கலியமூர்த்தி என் லாக் புக்கைப் புரட்டிக்கொண்டிருந்தார். தேதி, நேரம், அழுத்தம் எல்லாம் வரிசையாக இருந்தது. வாயு என்ற பத்தியில் மட்டும் பக்கத்தின் தலையில் ஒரு தரம் ஆர்கான் என்று எழுதியிருந்தேன். கீழே அடிவரை மேற்படி, மேற்படி, மேற்படி.

அவர் சிரித்தார். "அண்ணே, எங்க ஊரு நெலக் கணக்கு அடங்கலும் இப்பிடித்தான் இருக்கு. சாகுபடி பண்றது யாருங்கிற பத்தியில, மொத வருசம் கணக்குப்பிள்ள மிராசுதாரு பேர எழுதுனாரு. அப்பறம் வருசா வருசம் மேற்படி. உழுதது எங்கப்பா. ஏட்டுல எங்கப்பாவே இல்ல."

"கணக்குப்பிள்ளைக்குத் தெரியாதா தம்பி?"

"தெரியாம என்ன, எங்க வரப்புல நின்னு எளநி குடிச்சவருதான். கை பழகிப்போச்சு, எழுதிட்டாரு."

நானும் சிரித்தேன். கணக்குப்பிள்ளையை நினைத்துத்தான் சிரித்தேன்.

4. சிலிண்டர் மாற்றியது

செல்லில் ஆர்கான் விட்டு அளக்கும் வேலை முடிந்து, அடுத்து ஹீலியம் வேண்டும் என்றார் கலியமூர்த்தி. வாங்குவதற்குப் பேப்பர் போட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. தீசிஸ் கொடுக்க நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கெமிஸ்ட்ரியில் எனக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். அவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி ஒரு சிலிண்டரை இரவலாக உருட்டிக்கொண்டு வந்தேன். துண்டுச்சீட்டுகூட எழுதவில்லை. புரொபசர் அப்போது வெளிநாட்டில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தார்.

அது கடுமையான மின்வெட்டுக் காலம். காலை பத்திலிருந்து இரண்டு வரைதான் கரண்ட் நிச்சயம். அதற்குள் பம்பைச் சூடாக்கி, வேக்குவம் பிடித்து, பீமைக் கொண்டுவந்து, அளந்து முடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் ஆர்கானைக் கழற்றி ஹீலியத்தை மாட்டினேன். லீக் பார்த்தேன். கேஜைப் படித்தேன். பேனலில் ஒட்டியிருந்த ஆர்கான் திருத்த அட்டையைப் பார்த்தே திருத்தி எழுதினேன். வாயு என்ற பத்திக்கு வந்தபோது கை தானாக மேற்படி என்று எழுதியது. இரண்டு வாரமும் இப்படியே போனது. பிறகு சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

5. பதில்

தீசிஸ் மதிப்பீட்டுக்காக வெளிமாநிலத்தில் ஒரு பரிசோதகருக்குப் போனது. மற்றதெல்லாம் சரி, ஹீலியத்தில் மட்டும் எண் மற்றவர்கள் அளந்ததைப் போல ஏழு மடங்கு இருக்கிறது, மூலப் பதிவுகளைப் பார்த்து விளக்கம் தேவை என்று எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. புரொபசர் லாக் புக்கை எடுத்தார். அதில் ஹீலியமே இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஆர்கான்தான்.

"என் நோட்டுல ஹீலியம்னு எழுதியிருக்கேன் சார்" என்றார் கலியமூர்த்தி.

"உங்க நோட்டுல நீங்க என்ன வேணா எழுதிக்கலாம் மிஸ்டர் கலியமூர்த்தி. நான் ஊர்ல இல்லாத நேரம். ஹீலியம் வாங்குன பேப்பரும் கிடையாது. செய்யாத எக்ஸ்பெரிமெண்டுக்கு நம்பர் போட்டிருக்கீங்க."

"மாணிக்கம் அண்ணன்தான் சார் மாட்டுனாரு. அவரக் கேளுங்க."

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியை. பரிசோதகரின் ஏழு மடங்கு காதில் விழுந்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. ஐந்தரை ஒரு பக்கம், ஒன்றே கால் சொச்சம் இன்னொரு பக்கம், பெருக்கினால் ஏழு. அட்டையை மாற்றாதது நான். மேற்படி எழுதியதும் நான்.

ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியன் நான். வேலையை நிரந்தரமாக்கும் ஃபைல் புரொபசரின் கையெழுத்துக்காக அதே மேஜையின் ஓரத்தில் இருந்தது. அதன் நாடாவின் நிறம்கூடத் தெரிந்தது. கேட்காமல் சிலிண்டர் இரவல் வாங்கினேன், அட்டையை மாற்றவில்லை, பதிவைத் தப்பாக எழுதினேன் என்று மூன்று குற்றத்தை என் வாயால் சொன்னால் அந்த ஃபைல் என்ன ஆகும் என்று யோசித்தேன். வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்து நாற்பது நாள்.

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

கலியமூர்த்தி என்னைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

ஒரு மாதத்தில் ஆராய்ச்சி மாணவராக அவருடைய பதிவு ரத்தானது. பொய்யாக எண் போட்டவர் என்று காகிதத்தில் ஏறிவிட்டால் அப்புறம் எந்தக் கல்லூரி சேர்க்கும்? அவர் புத்தகங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறியதாகச் சொன்னார்கள். நான் அன்று லீவு போட்டிருந்தேன். அடுத்த மாதம் என் ஆர்டர் வந்தது. கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தேன். வெட்கம்தான், ஆனாலும் செய்தேன்.

6. மறுபடியும் ஏழு

வாங்கக் கேட்டிருந்த ஹீலியம் கடைசியில் வந்து சேர்ந்தது. ஒரு சனிக்கிழமை பகலில் நானாகவே மாட்டினேன். அதே பழைய அட்டையை வைத்து அளந்தேன். அதே ஏழு மடங்கு வந்தது. பிறகு ஹீலியத்துக்கு உரிய திருத்தத்தைப் போட்டேன். எண் மற்றவர்கள் சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது. கலியமூர்த்தி அளந்ததில் பிசகு எதுவுமே இல்லை.

நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் புரொபசரிடம் கொண்டுபோனேன். அவர் நின்றபடியே இரண்டு தரம் படித்தார். முகம் கறுத்துவிட்டது. "இப்ப எதுக்குய்யா இது?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கும் புரிந்துவிட்டது. தாளை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். பல்கலைக்கழகத்துக்கு நானே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை.

7. நடவு வயல்

நேரில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீடாமங்கலம் வழியாகக் குடவாசல் போய், அங்கிருந்து விசாரித்துக்கொண்டு நடந்தேன். சம்பா நடவு நேரம். கலியமூர்த்தி முழங்கால் சேற்றில் நாற்றுமுடி தூக்கிக்கொண்டிருந்தார். அது யாருடைய வயலோ. அவர் கூலிக்கு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முடிகளை இறக்கிவிட்டு வரப்போரம் வந்து நின்றார். மேலே ஏறவில்லை. நான் வரப்பில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் வாய்க்குள் கணக்குப் போட்டது உதட்டில் தெரிந்தது.

"அப்ப நான் அளந்தது சரி."

"சரி தம்பி. நூத்துக்கு நூறு சரி."

"அன்னிக்கே அட்டைய மாத்தலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, ஏழால வகுத்துட்டுப் போயிருப்பேன். அர மணி நேர வேலண்ணே."

பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அப்பாவின் கேஸ் என்ன ஆனது என்று கேட்டேன்.

"தள்ளுபடி ஆயிருச்சு. அடங்கல்ல பேரு இல்லல்ல. கணக்குப்பிள்ளயச் சாட்சிக்குக் கூப்பிட்டோம். கூண்டுல ஏறி, யாரு உழுதான்னு ஞாபகம் இல்லன்னுட்டாரு." நாற்றுமுடிகளை மறுபடி எடுத்தார். "வேல கெடக்குண்ணே. நீங்க பஸ்ஸப் புடிங்க."

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

8. பிள்ளைகளுக்கு

வாயுவின் பெயரை ஒவ்வொரு வரியிலும் முழுதாக எழுதுங்கள். சிலிண்டரை மாற்றினால் அட்டையை மாற்றிவிட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் மேற்படி என்று எழுதியதில்லை. பிரிவு உபசாரத்தில் என் லாக் புக்கைப் போல் சுத்தமான பதிவைப் பார்த்ததில்லை என்று சொல்லிச் சால்வை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் மேற்படி எழுதியது கைத்தவறு. கேட்டவுடன் ஒப்புக்கொண்டிருந்தால் அரை மணியில் தீர்ந்திருக்கும். கேட்டபோது நான் சொன்னதைத் தவறு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. பழுப்பு நிறச் சிலிண்டர், வால்வுக்குக் கீழே ஒரு நசுங்கல். திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு மாட்டினேன். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தது கலியமூர்த்தி.