அத்தான் ஏறி உட்கார்ந்த பேருந்து

பேருந்து வந்து நின்றதும் அத்தான் உடனே ஏற மாட்டார். ஓட்டுநர் பக்கம் போய் அண்ணாந்து பார்த்து, "தம்பி, இது எங்க போகுது?" என்று கேட்பார். நெற்றியில் கொட்டை எழுத்தில் எழுதித்தான் இருக்கும். "மேல போட்டிருக்கே பெரியவரே" என்று ஓட்டுநர் சலித்துக்கொண்டால், "போட்டிருந்தத நம்பி ஒருதரம் ஏறி உக்காந்துட்டேம்ப்பா" என்பார்.

அத்தான் என் அக்காவின் வீட்டுக்காரர். ஒரே ஒரு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தார். அதற்கு முன்னும் சைக்கிள் கடை, பின்னும் சைக்கிள் கடை. வீடு கட்டவும் பேருந்து விடவும் அரசாங்கம் ஒதுக்கும் பணம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் குழுவில் அவரைப் போட்டார்கள். "எல்லாரும் பஸ்ல போயிட்டா உங்க கடைக்கு யாரு மாப்பிள்ளை வருவா?" என்று எங்கள் சின்ன மாமா சிரித்தது இன்னும் காதில் கேட்கிறது.

அப்போது நாங்கள் ஒற்றை அறையில் குடியிருந்தோம். நான், என் வீட்டுக்காரர், மாமியார், இரண்டு பிள்ளைகள். மாமியார் புரண்டு படுத்தால் வரிசையாக எல்லோரும் புரள வேண்டும். ஊருக்கு வெளியே அரசாங்கம் கட்டிய வீடுகளில் ஒன்று எங்களுக்கு விழுந்திருந்தது. குழு வந்து பார்த்துச் சரி என்றால்தான் மீதிப் பணம் வரும். கதவு மாட்டிச் சாவி கொடுப்பார்கள். நம்ம அத்தான்தானே வருகிறார் என்று நான் பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டேன்.

குழுவினர் காரில் வந்து இறங்கிய அன்று நாங்களும் போய் நின்றோம். எங்கும் சுண்ணாம்பு வாசனை. தெருமுனையில், நெற்றியில் 'ஆஸ்பத்திரி' என்று போட்டு, கழுவித் துடைத்த பேருந்து ஒன்று நின்றது. "பஸ் வசதியும் இருக்குங்க" என்றார் அதிகாரி. மற்ற உறுப்பினர்கள் தலையாட்டிவிட்டு நிழல் தேடிப் போனார்கள். அத்தான் மட்டும் ஏறி உட்கார்ந்தார்.

"கெளம்புப்பா, ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வரலாம்."

ஓட்டுநர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தரையைப் பார்த்தார்.

"நிறுத்தி வைக்கத்தாங்க சொன்னாங்க. ஓட்டச் சொல்லல."

"நாளைக்கு வருவியா?"

"நாளைக்கு நான் வேற ரூட்டுங்க."

அத்தான் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். பேசாமல் இருங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். "பஸ் ஓடட்டும். அப்புறம் மீதிப் பணத்தப் பத்திப் பேசலாம்" என்றார் சத்தமாக. அத்தனை பேர் கேட்டுக்கொண்டு நிற்கையில் மற்ற உறுப்பினர்களும் ஆமாம் போட வேண்டியதாயிற்று.

மூட்டையைப் பிரித்தேன். மழைக்காலம் முழுக்க அதே அறை. அக்கா வீட்டுப் பக்கம் நான் எட்டிப் பார்க்கவில்லை. ஒருநாள் அத்தானே வாசலில் வந்து நின்றார்.

"என்ன கொழுந்தியா, கோவமா?"

"வேத்தாள்கூட இப்படிச் செய்ய மாட்டான்."

"வீட்டக் குடுத்து உன்ன அங்க அடைச்சு வைக்கவா? உன் மாமியாருக்கு நெஞ்சுவலின்னா என்ன பண்ணுவ?"

"உங்க சைக்கிள்ல வச்சுத் தள்ளிட்டுப் போவேன்."

"என் நெஞ்சு நல்லாத்தான் இருக்கு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பேருந்தும் வந்தது, வீடும் வந்தது. அடுத்த தேர்தலில் அத்தான் தோற்றார். எங்கள் குடியிருப்பிலேயே ஓட்டுக் குறைந்தது; சாவி தாமதமான கோபம். நான் அவருக்குத்தான் போட்டேன். மாமியார் யாருக்குப் போட்டார் என்று கடைசிவரை வாய் திறக்கவில்லை. அதே பேருந்தில்தான் அவரை எத்தனையோ முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

மாமியாரும் இல்லை, அக்காவும் இல்லை. அத்தானின் மகனிடம் கார் இருக்கிறது. ஆனாலும் என்னைப் பார்க்க அவர் பேருந்தில்தான் வருகிறார். போன வாரம் வழியனுப்பப் போனேன். வழக்கம்போல் ஓட்டுநரிடம் கேட்டுவிட்டு ஏறினார். இருக்கையின் நுனியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்கத் தயாராக இருப்பவர்போல் உட்கார்ந்திருந்தார். வண்டி நகர்ந்து தெருமுனை திரும்பும்போதுதான் நன்றாகச் சாய்ந்துகொண்டு, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.