பிச்சையம்மாளின் கட்டைவிரல்

முதல் கவளம் வாய்க்குள் போகுமுன் பிச்சையம்மாள் அதை விசாரிப்பாள். அவித்த மரவள்ளிக்கிழங்குத் துண்டை மூக்கருகே பிடித்துக்கொண்டு, "எங்கேருந்துப்பா வந்தே? ஆத்தங்கரைக் கொல்லையா, எட்டாம் நம்பர் மேடா?" என்பாள். பதில் வந்ததுபோலத் தலையசைத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்ட பிறகே வாயில் போடுவாள். அவள் அதை மென்று முடிக்கிற நேரத்தில் ஓர் ஆள் செமிலிங் கடைத்தெருவுக்கு நடந்துபோய், கடை பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். நடையை நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். கடை பூட்டியிருந்தது மட்டும் சத்தியம். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்து இரண்டாவது வருஷம் அது.

எங்கள் ரப்பர்த் தோட்டத்து ஆயாக்கொட்டகை அவள் பொறுப்பில் இருந்தது. தாய்மார்கள் பால்மரம் வெட்டப் போனபின் என்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பிள்ளைகளும் அவள் பிள்ளைகள். அவளுக்கென்று இருந்தவை ஓர் உலக்கை, ஒரு சட்டி, நான்கு வாத்துகள். சாப்பாட்டு வேளையில் ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுப்பாள். ஒரு வாய் நன்றாக மென்று விழுங்கினால் ஒரு கொட்டையைச் சிரட்டையில் போடலாம். "அள்ளி முழுங்கினா வயித்துக்குத் தின்னதே தெரியாது. மறுபடி கேக்கும். அப்ப நான் எங்க போறது?" என்பாள். எண்ணிக்கையைச் சீக்கிரம் முடிக்க நான் ஒரு கொட்டையை விழுங்கியே விட்டேன். வயிற்றில் மரமாகும் என்றாள். இன்னும் காத்திருக்கிறேன்.

அவள் சட்டியில் பச்சையாக ஏதாவது கொதிக்காத நாள் இல்லை. முருங்கை, காங்கோங் கீரை, மரவள்ளிக் கொழுந்து என்று வேலியோரம் முளைத்ததெல்லாம் வந்து சேரும். லயத்து வரிசைவீட்டு ஆண்கள் சிரிப்பார்கள். "போன பிறவியில ஆடா பொறந்திருப்பே" என்று ஒருநாள் முருகையா சீண்டினார். "இருக்கும்ணே. ஆடு எந்தக் காலத்துல டிரஸ்ஸரத் தேடிப் போச்சு, சொல்லுங்க" என்றாள். முருகையா அன்று காலையில்தான் தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரைத் தேடிப் போய், அவரது மருந்து அலமாரியில் கரப்பான்பூச்சிகளை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

எப்போதாவது பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களிடமிருந்து நெல் கிடைத்தால் எல்லாரும் பிச்சையம்மாளிடம்தான் குத்தக் கொடுப்பார்கள். அரிசி மல்லிகைப்பூவாக வெளுக்கும்வரை குத்த வேண்டும். பஞ்சத்திலும் எங்களுக்கு அந்தக் கௌரவம் குறையவில்லை. தவிடு அவளுக்குக் கூலி. பாதி அவளுக்கு, பாதி வாத்துகளுக்கு.

அழகம்மாவுக்குப் பிள்ளை பிறந்த சமயத்தில் அந்த வெள்ளை அரிசி முழுவதும் அவள் வீட்டுக்கே போனது. புருஷன் ராமையாவைச் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். மாமியார் காளியம்மா மருமகளுக்குப் பத்தியம் காத்தாள். கீரை குளிர்ச்சி, பயறு வாயு, கருவாடு சொறி கரப்பான். ஆக, மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட வெள்ளைச் சோறு மட்டும். அதற்காக லயத்தின் பதிமூன்று வீட்டுக்காரர்களும் தங்கள் வாயைக் கட்டி ஆளுக்கொரு பிடி அரிசி கொடுத்தார்கள். அவ்வளவு அன்பை நான் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை.

இரண்டு மாதத்தில் அழகம்மாவின் கால்கள் வீங்கின. பிள்ளை வாயைத் திறந்து அழும்; சத்தம் வராது. பால் குடிக்கவும் தெம்பில்லை. "என் மவன் வந்து கேட்டா நான் எதக் காட்டுவேன்?" என்று காளியம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பத்தியத்தை இன்னும் இறுக்கினாள்.

அந்த வாசலுக்கு ஒரு முற்பகலில் பிச்சையம்மாள் வாழையிலைப் பொட்டலத்தோடு வந்தாள்.

"என்னடி அது?"

"தவிட்டு உருண்டக்கா. வறுத்து, தேங்காயும் வெல்லமும் போட்டுப் புடிச்சது. அழகம்மாவுக்கு."

"பச்ச ஒடம்புக்காரிக்குத் தவிடா? வாத்து தின்னு மிஞ்சினத இங்க கொண்டாந்தியா?"

"மிஞ்சலக்கா. அதுங்க வாயிலேருந்து புடுங்கிட்டு வந்தேன். நாலும் என்கூடப் பேசறதில்ல."

காளியம்மா சிரிக்கவில்லை. பிச்சையம்மாள் உள்ளே போய், அழகம்மாவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். குழி விழுந்து அப்படியே நின்றது. எண்ணெய் ஊற்றித் திரி போட்டிருக்கலாம். தன் காலில் அழுத்தினாள். சதை உடனே எழும்பியது. பிறகு, கேட்காமலே காளியம்மாவின் காலைப் பிடித்து அழுத்தினாள். ஐம்பது வயதுக் கால். அதுவும் உடனே எழும்பியது.

"நீ என்னக்கா திங்கிற?"

"நான் எதத் தின்னா ஒனக்கென்ன?"

"சோறு திங்கறியா?"

"அவளுக்கே பத்தல. நான் எங்க சோறு திங்கறது? கீரதான்." காளியம்மா முந்தானையைத் திருகினாள். "அப்புறம்... ஒன் ஒரலடியில சிந்திக் கெடக்குமே, அந்தத் தவிடு. நீ கொட்டகைக்குப் போனப்புறம் அள்ளியாந்து கஞ்சியில கரைப்பேன். வெளிய சொல்லிடாத."

"எனக்குத் தெரியும்கா. வாத்து எப்பவோ சொல்லிருச்சு."

படுத்திருந்த அழகம்மா தலையைத் தூக்கி, "அத்தே, தவிடா தின்னீங்க?" என்றாள். காளியம்மா மருமகளின் காலையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்லதயெல்லாம் அவளுக்குத்தானே குடுத்தேன், பிச்ச?"

"குடுத்தே. நல்லது தவிட்டோட ஒன்கிட்டயே தங்கிருச்சு."

காளியம்மா பொட்டலத்தை வாங்கினாள். அவளே ஓர் உருண்டையை உடைத்து மருமகள் வாயில் வைத்தாள். "தொண்டையில ஒட்டுது அத்தே" என்று முகம் சுளித்த அழகம்மாவின் உள்ளங்கையில் பிச்சையம்மாள் பத்துப் புளியங்கொட்டையைத் திணித்தாள். "அவசரப்படாத. மெல்ல மெல்ல இனிக்கும். எங்கேருந்து வந்தேன்னு அதக் கேளு."

அன்றோடு பத்தியம் போயிற்று. காலையில் உருண்டை, மத்தியானம் முருங்கைக்கீரையும் பயறும். பதிமூன்று வீட்டுப் பிடி அரிசி அப்புறமும் வந்தது. ஆனால் அதை வெளுக்கக் குத்தவில்லை, உமி போனால் போதும் என்று செந்நிறமாகவே பொங்கினார்கள். அந்த மாதம் வாத்துகள் இளைத்தன. அவற்றுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

ஒன்பதாம் நாள் காலை, பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நின்று வேலைக்குப் பேர் கொடுத்துக்கொண்டிருந்தபோது பிள்ளை அழுதது. முதலில் பூனையோ என்று நினைத்தோம். பிறகு தெளிவாகக் கேட்டது. எத்தனையோ மைல் தள்ளியிருக்கும் ஜித்ராவரை கேட்டதாக நான் சொல்லி வருகிறேன். ஜித்ராக்காரர்கள் யாரும் இதுவரை மறுக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முருகையா தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது பிச்சையம்மாள் அழகம்மாவின் காலருகே குந்தியிருந்தாள். கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. பிறகு மெதுவாக நிரம்பி, சமமாயிற்று. காளியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். பிச்சையம்மாள் அதைக் கவனிக்கவில்லை. அந்தக் கட்டைவிரலை உயர்த்திப் பார்த்து, முதல் கவளத்தை ஒற்றிக்கொள்வதைப் போல, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.