தமிழில் ஒரு பட்டன்

போர்க்காலத்தில், வெளிநாட்டிலிருப்பவர்கள் கொழும்பு உறவினருக்குக் கேக் அனுப்பும் இணையக் கடையொன்றில் வேலை செய்தேன். வெள்ளவத்தையிலிருந்த அந்தக் கந்தோரில் பக்கங்களை வடிவமைத்தவர், சோதனைச் சாவடியிலும் குரலைத் தாழ்த்தாத ஒரு மெலிந்த பெண். வாங்கும் பட்டனை, தளத்துக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலத்திலும் மற்றவர்களுக்குத் தமிழிலும் காட்டிப் பார்த்தார். தமிழ்ப் பட்டனையே கூடுதலானோர் அழுத்தினார்கள்.

முதலாளி பயந்துபோய் அவருடைய மேசைக்கு வந்தார். "தமிழ் வேண்டாம் பிள்ளை. பொலிஸ் வந்து கேட்டால் என்ன சொல்லுறது?"

"'வாங்குங்கள்' எண்டுதானே எழுதியிருக்கு, சேர். அதுக்கும் பயமெண்டால் நீங்களே எடுங்கோ. நான் எடுக்கமாட்டன்."

முதலாளி உட்கார்ந்து மவுசைப் பிடித்தார்; பிறகு அதை விட்டுவிட்டு எழுந்து போனார். பட்டன் அப்படியே இருந்தது.

பஸ்ஸில் தமிழ் கதைக்கப் பயந்து, அம்மா அழைத்தால் நான் போனை எடுப்பதில்லை. அன்று மாலை எடுத்தேன். இறங்கும்வரை கதைத்தேன்.