வால் உள்ள மவுஸ்

இரண்டாயிரத்து ஐந்தில் மார்த்தாண்டத்தில் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகைகள் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஏசிக்குக் கீழே இருந்த புது கம்ப்யூட்டரும் படம் வரைகிற வேலையும் டிசைனருக்கு. இரண்டு வருஷமாக அந்த இடத்தின்மேல்தான் எனக்குக் கண். கேட்கும்போதெல்லாம் முதலாளி, "பாப்போம் மக்கா" என்பார். அந்தப் பாப்போம் முடிகிற மாதிரித் தெரியவில்லை.

டிசைனரின் மாமா துபாயிலிருந்து வயரில்லாத மவுஸ் ஒன்று கொண்டுவந்து கொடுத்திருந்தார். அன்றிலிருந்து அவனைப் பிடிக்க முடியவில்லை. என் மவுஸின் வயரைக் காட்டி, "ஏட்டி, இன்னுமா அந்த வாலைப் பிடிச்சிட்டு இருக்கே?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் மயிலாடியிலிருந்து ஒரு சிற்பி வந்தார். பென்சிலில் வரைந்த அம்மன் முகம் ஒன்று வைத்திருந்தார். அதைக் கம்ப்யூட்டரில் கோடு கோடாக எடுத்து, அவர் பட்டறைக்குப் போர்டு செய்யவேண்டும்.

"அரை மணிக்கூர்ல தாறேன்" என்றான் டிசைனர்.

நான் எழுந்துவிட்டேன். "நானும் செய்யுதேன் சார். இவருக்கு யாருக்க படம் பிடிக்கோ, அவங்களுக்கு அந்த சீட்டு."

வந்தவர் முன்னால் முதலாளியால் மறுக்க முடியவில்லை. "சரி, செய்யி."

நான் கிரீடத்தில் தடவிக்கொண்டிருந்தபோதே அவன் மூக்கை முடித்துவிட்டான். சிற்பி இரண்டு மேசைக்கும் நடந்து, "கண்ணைக் கடைசியா எடுங்க. கல்லுலயும் நாங்க அப்படித்தான்" என்றார்.

கண்ணில்தான் டிசைனர் மாட்டினான். கோடு எங்கே வளைகிறது என்று கையை நிறுத்திப் பார்க்கவேண்டிய இடம் அது. கை நின்றால், பேட்டரியை மிச்சம்பிடிக்க அவன் மவுஸ் தூங்கிவிடும். ஆட்டி எழுப்பினால் ஒரே தாவல், இமை போய்ப் புருவத்தில் ஏறும். அழித்தான், மறுபடி போட்டான், பேட்டரியைக் கழற்றி மாட்டினான். என்னுடையது நிறுத்திய இடத்தில் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாக வைத்தேன்.

சிற்பி அவன் படத்தைப் பார்த்தார். "அம்மனுக்கு உறக்கம் தெளியல்லியே." என் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "இது நம்மளப் பாக்குது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

முதலாளி தலையைச் சொறிந்தார். "நாளைலேருந்து அங்க இரி."

நாளை வரைக்கும் யார் காத்திருப்பது? அப்போதே மவுஸைக் கழற்றி, வயரைக் கையில் சுற்றிக்கொண்டு ஏசிக்குக் கீழே போய் நின்றேன். டிசைனர் தன் மவுஸை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.